மேலே அந்தம்மா, நடுவில் மகள், அடியில் மழை

“…அதுக்குன்னு நான் போயி அந்தம்மா எதிர்ல நின்னுக்கினு குட்மார்னிங் சொல்லணுமா? இன்னாங்க நாயம் இது? நான் இன்னா இஸ்கூல் புள்ளையா, அவங்க இன்னா எனக்கு டீச்சரா?” என்று என் மனைவி கேட்டாள்.

கேட்ட இடம் ஹாமில்டன். பெர்முடா என்கிற தீவின் தலைநகரம். உலகப்படத்தில் அட்லாண்டிக் கடலுக்கு நடுவில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அளவுக்குத்தான் அந்தத் தீவு இருக்கும். பணம் படைத்தவர்கள் உடம்பை வெயிலில் காய வைக்கப் போகிற ஊர். கள்ளக்குறிச்சியில் உடம்பு போதுமான அளவுக்குக் காய்ந்துதான் இருக்கிறது என்பதால் நாங்கள் அதற்காகப் போகவில்லை. எங்கள் மகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பார்க்கப் போயிருந்தோம்.

மனைவி நின்றுகொண்டிருந்தது மகள் குடியிருந்த வீட்டின் வெளிப்படிக்கட்டுக்குக் கீழே. மொத்தம் பதினோரு படி. மேலே, மாடி வாசலில், பிரம்பு நாற்காலி போட்டு வீட்டுக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை காலை ஏழரை மணி. மாதம் முடிய இரண்டு நாள். அதற்குள் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த வீடு மகளுக்கு இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். போடுவதாகச் சொல்லியிருந்தவர், யோசிக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்.

ஏன் நிறுத்தினார் என்று சொல்ல, நாங்கள் போய் இறங்கிய நாளுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். இருபத்தெட்டு வருஷத்தில் பெரும்பகுதி கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போகிற வண்டியில். பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் சீட்டில் யாராவது விட்டுவிட்டுப் போன செய்தித்தாளிலும், ஏறி இறங்குகிறவர்களின் பேச்சிலும்தான். ஒருவர் ருசியாக ஒன்று சொல்லிவிட்டால் பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஏறிய மலைக்காரர் ஒருவர், நான் மூட்டைக்கும் டிக்கெட் கிழித்ததும், “துட்டு வாங்கிட்ட இல்ல, அதுக்கும் ஒரு சீட்டு காட்டு கண்டக்டரே, உக்காந்துகினு வரட்டும்” என்றார். பனி மூடிய ஒரு காலையில் கரியாலூரில் ஏறிய அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, “மலை இன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கினு கீது, யாரும் எட்டிப் பாக்காதீங்க” என்றார். இந்த மாதிரி ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன்.

இப்படிப் பேச்சுக்கு அலைகிற ஆளுக்கு, பேசாமல் இருந்ததால் ஒரு வம்பு வந்து சேர்ந்தது பாருங்கள், அதுதான் வேடிக்கை.

மகள் அந்தத் தீவுக்குப் போய் ஐந்து வருஷம். ஐந்து வருஷத்தில் நான்கு இடம் மாறிவிட்டாள். எல்லாம் ஒரு அறையை இன்னொருத்தியோடு பங்கு போட்டுக்கொண்ட இடங்கள். அடுப்பு பற்றவைக்கக்கூட முறை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தீவே கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போய்த் திரும்புகிற தூரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. போன வருஷம்தான் இந்த வீடு கிடைத்தது. கிடைத்த அன்றைக்கு வீடியோ காலில் அவள் அம்மாவுக்கு முதலில் காட்டியது அடுப்பை. “இது என் அடுப்பும்மா. எப்ப வேணாலும் பத்த வைப்பேன்” என்று சொல்லி, திருகித் திருகிப் பற்றவைத்துக் காட்டினாள். தை மாதம் ஊருக்கு வந்து கல்யாணமும் ஆயிற்று. மருமகன் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்கிறவர். அவரும் அங்கே போய்ச் சேர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. புதுசாகக் கல்யாணமான இருவரும் ஒரு கூரைக்குக் கீழே வாழ்வது இந்த வீட்டை நம்பித்தான் இருந்தது.

சென்னையில் ஏறி லண்டனில் மாறி, சித்திரையில் போய் இறங்கினோம். வீட்டு வாசலில் வீட்டுக்கார அம்மாவே நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கறுத்து, உயர்ந்து, நிமிர்ந்த உடம்பு. தலையில் அகலமான ஓலைத் தொப்பி. துறைமுகத்தில் படகு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் முப்பது வருஷம் இருந்தவராம். இதை மகள் சொன்னதும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அவரும் டிக்கெட், நானும் டிக்கெட்.

அன்றைக்கே அவர் ஒன்று சொன்னார். மகள் தமிழில் சொல்லச் சொல்ல மனசுக்குள் எழுதிக்கொண்டேன். “இந்த வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறோம். மேலே நான். நடுவில் உங்கள் மகள். அடியில் மழை.”

விஷயம் என்னவென்றால், அந்தத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் வெள்ளைக் கல்லில் படி படியாகக் கட்டியிருக்கிறார்கள். பெய்கிற மழை அதில் இறங்கி, குழாய் வழியாக வீட்டுக்கு அடியில் இருக்கிற தொட்டிக்குப் போகிறது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். குழாயைத் திறந்தால் அடியில் மோட்டார் உறுமும். முதல் நாள் கை கழுவப் போன மனைவி பயந்து வெளியே வந்து, “ஏங்க, வூட்டுக்கு அடியில யாரோ கொறட்டை வுட்டுக்கினு கெடக்கறாங்க” என்றாள். “அது மழைம்மா, தூங்கிக்கினு கீது” என்றாள் மகள்.

ஊரைச் சுற்றிக் காட்டினாள். துறைமுகத்தை ஒட்டி ஒரு நீளமான தெரு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ரோஸ், மஞ்சள், ஊதா என்று மிட்டாய் நிறத்தில் கட்டடங்கள். எல்லாவற்றின் தலையிலும் அதே வெள்ளைக் கூரை. தெரு முனையில் பெரிய கிளிக்கூண்டு போல ஒன்று நிற்கிறது. போலீஸ்காரர் அதற்குள் நின்றுதான் வண்டிகளைத் திருப்பி விடுவாராம். வீட்டுக்கு ஒரு கார்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் என்பதால் எங்கே பார்த்தாலும் ஸ்கூட்டர். பெரிய ஆபீசர்கள் கோட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கீழே பார்த்தால் அரைக்கால் டவுசர், முழங்கால் வரைக்கும் சாக்ஸ். மனைவி என் கையைக் கிள்ளினாள்.

“அங்க பாருங்க. பாதி ஆள் ஆபீசுக்குப் போறாரு, பாதி ஆள் இஸ்கூலுக்குப் போறாரு.”

“மெதுவாப் பேசும்மா” என்றாள் மகள்.

“ஏன், இங்க யாருக்குடி தமிழ் தெரியும்?”

“நீ சிரிக்கறது தெரியுதே!”

அங்கே ஓடுகிற பஸ்ஸுக்கு ரோஸ் பெயின்ட். கண்டக்டர் இல்லை, டிரைவர் ஒருவர்தான். முதல் தடவை தனியாக ஏறினேன். டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே நடந்தேன். வண்டி கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தால் டிரைவர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சில்லறை குறைகிறதோ என்று பையைத் தடவினேன். அவர், “குட் மார்னிங்” என்றார். நான் தலையை ஆட்டினேன். வண்டி நகரவில்லை. மறுபடியும், “குட் மார்னிங்” என்றார், கொஞ்சம் அழுத்தி. வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. “குட் மார்னிங் மேடம்” என்றேன். உடனே கியர் விழுந்தது. பிறகு ஏறின ஒவ்வொருவரும் டிரைவருக்கும், அதற்கப்புறம் வண்டி முழுமைக்கும் ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ‘டிக்கெட், டிக்கெட்’ என்று இருபத்தெட்டு வருஷம் கத்தின வாய் இது. ஒரு நாள் ஒரு வணக்கத்தைச் சொல்லியிருக்குமா?

அன்றிலிருந்து நான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மாடியிலிருந்த அம்மாவுக்கும் தினம் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் நான் பட்ட அவமானத்தை எதற்கு அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, வாழ்நாள் முழுக்க வைத்து ஓட்டுவாளே என்றுதான். தப்பு என்னுடையதும்தான்.

அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், மரியாதை செய்துகொண்டிருந்தாள்.

இறங்கின அன்றைக்கு வீட்டுக்கார அம்மா எதிரில் வந்ததும் இவள் சட்டென்று ஓர் ஓரமாக ஒதுங்கினாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு நாள், வெயிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முருங்கை அங்கேயும் கிடைக்கிறது, மகள் எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தாள். அந்தம்மா படி இறங்கி வருகிற சத்தம் கேட்டதும் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே வந்துவிட்டாள். “ஏன் வந்துட்ட?” என்றேன். “வூட்டுக்காரங்க வர்றாங்க, நாம குத்த வச்சி உக்காந்துக்கினு இருக்கறதா?” என்றாள். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் வாசல் தெளிப்பது வேறு. பொழுது விடிந்ததும் இரண்டு பக்கெட் தண்ணீரைச் சிமெண்டு வாசலில் விசிறியடித்து, பெட்டியில் கொண்டுபோயிருந்த மாவில் கோலம் போடுவாள். வெயில் காலம். மூன்று வாரமாக ஒரு துளி மழை இல்லை. அடியில் குடியிருந்தவரை இவள் தினம் இரண்டு பக்கெட்டாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அந்தம்மா தொட்டி மூடியைத் திறந்து, டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பது போல நீளமான குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. அப்படியே எங்கள் வாசலுக்கு வந்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த மனைவி பதறி எழுந்து உள்ளே ஓடி வந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

“இன்னா ஆச்சு?”

“வூட்டுக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. சேர் எடுத்தாங்க, சேர்!”

சமையலறையில் இருந்தது ஒரே ஒரு மர நாற்காலி. அதன் மேல் அரிசி டப்பா. டப்பாவை இறக்கி, நாற்காலியை முந்தானையால் துடைத்து, அவள் வெளியே தூக்கிக்கொண்டு போனபோது அந்தம்மா படியேறிப் போய்விட்டார். மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கோலத்துக்கு நடுவில் நின்றாள். “ரெண்டு நிமிஷம் நிக்கக் கூடாதா? இன்னா அவசரம் அவங்களுக்கு?”

அந்த வாரம் வியாழக்கிழமை மகள் வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பேப்பர்ல கையெழுத்து போடறதப் பத்தி யோசிக்கணும்னு சொல்றாங்கப்பா. போன மாசம் அவங்களே வந்து, இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு சொன்னாங்க. இப்ப மூஞ்சியே சரியில்ல.”

“தண்ணிதான்” என்றேன்.

மறுநாள் மனைவி வாசல் தெளிக்கவில்லை. ஈரத்துணியால் கையகலத் தரையைத் துடைத்து, அதில் நாலு புள்ளிக் கோலம் ஒன்று போட்டாள். அரை பக்கெட்டில் குளித்தாள். அரிசி களைந்த தண்ணீரை மகள் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினாள். துணி துவைக்க வேண்டாம் என்று முதல் நாள் புடவையையே கட்டிக்கொண்டாள். “நான் கொட்டனதுக்கு எம்பொண்ணு தெருவுல நிக்கணுமா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுகத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். எதிரில் வீட்டுக்கார அம்மா, கையில் காய்கறிப் பையோடு. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் சீட்டில் கிடந்த பேப்பரில் கற்ற ஆங்கிலம்தான், ஆனால் கூச்சம் கிடையாது. முதலில் குட் ஈவினிங் சொன்னேன். பையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் படகுத்துறைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அதோ அந்த ஜன்னலில்தான் இருந்தேன் என்று காட்டினார். பைக்குள் மரவள்ளிக் கிழங்கு இருந்தது. இதை நான் ஆயிரக்கணக்கான மூட்டை மலையிலிருந்து இறக்கியிருக்கிறேன் என்றேன். அவருக்கு அதில் ஒரே ஆச்சரியம். கிறிஸ்துமஸுக்கு இதைத் துருவி, நடுவில் கறி வைத்துச் சுடுவோம் என்றார். மூட்டைக்குச் சீட்டு கேட்டவரின் கதையைச் சொன்னேன். தொப்பி கீழே விழுகிற மாதிரி சிரித்தார்.

சிரித்த கையோடு தண்ணீர் விஷயத்தை எடுத்தேன். என் மனைவிக்குத் தெரியாது, இனிமேல் ஊற்ற மாட்டாள், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் கையை வீசினார். தண்ணீருக்கு என்ன, வண்டியில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம், நாளைக்கே மழை வரலாம் என்றார். அப்புறம் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது.

“உங்கள் மனைவிக்கு என்னைக் கண்டால் ஏன் பிடிக்கவில்லை? நான் வந்தால் எழுந்துவிடுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உள்ளே போய்விடுகிறார். நான் குட் மார்னிங் சொன்னால் பதில் இல்லை. மூன்று வாரம் ஆயிற்று. நான் வந்து உட்கார்ந்ததும் எழுந்து போகிற வெள்ளைக்காரர்களை என் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். சினிமாக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். ஓட்டலில் பார்த்திருக்கிறேன். அப்போது அது அவர்கள் இடம், பொறுத்துக்கொண்டோம். இந்த வயதில், என் வீட்டிலேயே அதை நான் பார்க்க வேண்டுமா?”

இல்லை, இல்லை, அது மரியாதை என்றேன். எழுந்து போவதா மரியாதை என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் அதை விளக்குகிற அளவுக்கு ஆங்கிலம் இல்லை. பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எழுந்து போனது தப்பா?”

“அவங்களப் பாக்கப் புடிக்காம நீ எழுந்து போறேன்னு நெனச்சிட்டாங்கடி.”

“ஐயோ, அவங்களப் போயி… இன்னாங்க இது!”

என் மாமனார் திருநாவலூர் பக்கம் குத்தகைக்கு நிலம் ஓட்டியவர். நிலத்துக்காரரின் புல்லட் சத்தம் தூரத்தில் கேட்டாலே களத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்துவிட வேண்டும். பெண்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. எதிரில் உட்கார்ந்திருக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. அவர் கேட்டால்தான் பதில், அதுவும் தரையைப் பார்த்து. இவள் அந்தக் களத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சி வந்த பிறகு நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகளிலும் வீட்டுக்காரர் தலை தெரிந்தால் எழுந்து நின்றுதான் பழக்கம். நானே அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை, கால் தானாக எழுந்துவிடும்.

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “நான் போகும்போதும் வரும்போதும் அவங்களுக்கு வாய் ஓயாம சொல்லுவேம்மா. உங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல பாரு. இங்க ஒருத்தருக்கு வணக்கம் சொல்லாம போனா, அவங்கள ஆளாவே மதிக்கலன்னு அர்த்தம்மா.”

“அப்ப நீ போயி சொல்லிடு. எங்கம்மா மரியாதைக்குத்தான் எழுந்தாங்கன்னு சொல்லு.”

“நான் சொன்னா வூட்டுக்காகச் சொல்றேன்னு நெனைப்பாங்க.”

“அப்ப நீங்க போயி சொல்லுங்க.” இது எனக்கு.

“நான் சொல்லிப் பாத்துட்டேன். உன் வாயால வரணும்.”

அதோடு பேச்சை விட்டுவிட்டோம். மறுநாள் சனிக்கிழமை, மகளுக்கு லீவு. காலையில் வெளியே வந்தோம். மேலே அந்தம்மா வழக்கம் போலப் பிரம்பு நாற்காலியில். தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்துக் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு போனார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் போனவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். என் மனைவி ஒரு கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய்ச் சொல்லு, அவ்வளவுதான், ரெண்டு வார்த்தை என்று நான் அவள் முதுகில் கையை வைத்தேன். அப்போதுதான், நான் என்ன ஸ்கூல் பிள்ளையா, அவங்க என்ன எனக்கு டீச்சரா என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு வார்த்தையை வாத்தியாரைத் தவிர யாருக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

கேட்டுவிட்டு அவள் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே விட்டாள். மகள், “அம்மா, செருப்பு போட்டுக்கினே போலாம்” என்றாள். காதில் வாங்கவில்லை. படி ஏறினாள். பத்தாவது படியில் நின்றாள். பதினோராவது படிக்கு ஏறவில்லை. கண்ணைத் தரையிலிருந்து தூக்கி, அந்தம்மாவின் முகத்தில் வைத்தாள். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டாள். அவள் ஐந்தாவது வரைதான் படித்தவள். அந்த ஐந்து வருஷமும் தினம் காலையில் வகுப்பே எழுந்து நின்று பாடிய அதே ராகத்தில், முழு நீளத்துக்கும் பாடினாள்.

“குட்… மா…ர்னிங்… டீ…ச்ச…ர்!”

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றுவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே அந்தம்மா நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, அதே ராகத்தில் அவரும் இழுத்தார்.

“குட்… மா…ர்னிங்… சில்…ட்ரன்!”

அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. மனைவியும் சிரித்துவிட்டாள். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். மகள் உள்ளே ஓடினாள். பிறகு அந்தம்மா தன் பக்கத்தில் இருந்த காலியிடத்தைக் கையால் காட்டி மனைவியிடம் ஏதோ சொன்னார்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். “இன்னாங்க சொல்றாங்க?”

“அவகிட்ட பேப்பரையும் பேனாவையும் எடுத்தாரச் சொல்றாங்க. உன்ன உக்காரச் சொல்றாங்க.”

“நானா? இங்கயா?”

“அங்கதான்.”

மாடியில் இருந்ததோ ஒரே நாற்காலி. மனைவி விறுவிறுவென்று இறங்கி வீட்டுக்குள் போனாள். எழுந்து போகிற அதே வேகம்தான். அந்தம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் தாளோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே டப்பா இறக்குகிற சத்தம் கேட்டது. மனைவி சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிடிக்கப் போன என் கையை விலக்கினாள். பதினோரு படியும் ஏறி, நாற்காலியைப் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். பழக்கத்தில் முந்தானையால் அதை இரண்டு தட்டு தட்டினாள். தட்டிவிட்டு, அதில் அவளே உட்கார்ந்தாள்.